பெறப்பட்டது என்று சொன்ன பக்கம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். என்னைப் போலச் செய்யாதீர்கள். எண்ணிப் பாருங்கள், மூன்றிலேயே முடிந்துவிட்டது. அதை அனுப்பியதும் திரும்பப் போன் வந்தது. "இப்படி எழுதினா எப்படி மேடம், அனுபவத்தக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுங்க." சரி, விரிக்கிறேன். ஊக்கம் தருகிற கதை வேண்டும் என்கிறவர்கள் இத்தோடு மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே மாடியில்தான், கீழே தறி உதிரிபாகக் கடையில் இரும்பைப் போட்டு உருட்டுகிற சத்தத்துக்கு நடுவில், நாங்கள் ஆறு பேர் இந்த பிரவுசரைச் செய்தோம். படம் காட்டாது, வண்ணம் காட்டாது. பக்கத்தில் இருக்கிற எழுத்தை மட்டும் எடுத்துத் தமிழில் வாய்விட்டுப் படிக்கும். பார்வையில்லாதவர்களுக்காகச் செய்தது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், சிக்னல் இழுத்துக்கொண்டு கிடக்கிற ஊரிலும் ஓடும். அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் கடைசி வார்த்தை என்னுடையது. அந்தக் கடைசி வார்த்தையை நான் சொன்ன லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் பிரவுசர் ஸ்கிரிப்ட் ஓட்டாது. ஸ்கிரிப்ட் என்பது, பக்கம் திறந்த பிறகு அதற்குள்ளிருந்து வேலை பார்க்கிற கட்டளைகள். பட்டனை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும், எந்த வரியை எப்போது காட்டவேண்டும், எதை மறைத்து வைக்கவேண்டும் எல்லாம் அதன் கையில். நாமும் அதைக் கொஞ்சம் ஓட்டினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டுக்கொண்டோம், ஓட்டியும் பார்த்தோம். பாதி ஓடி நின்றுவிடும். எங்கே நின்றது என்று எங்களுக்கே தெரியாது, கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக, ஸ்கிரிப்டை நம்பியிருக்கிற பக்கம் வந்தால் எங்கள் பிரவுசர் முதலில் ஒன்று சொல்லும்: "இந்தப் பக்கத்துக்கு ஸ்கிரிப்ட் தேவை. சில பகுதிகள் வேலை செய்யாமல் போகலாம்."

ஆத்தூரில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினோம். அங்கே வந்திருந்த டெலிபோன் ஆபரேட்டர் ஒருவர் எழுந்து நின்றார். "மேடம், உங்க கம்ப்யூட்டரம்மா எதத் தொறந்தாலும் மொதல்ல ஒப்பாரி வைக்குது. எங்க மாமியாரே தேவலாம்மா. அவங்க சோத்தப் போட்டுட்டுத்தான் கொற சொல்லுவாங்க." வகுப்பே சிரித்தது. ஆளாளுக்கு அந்தக் குரலைப் போலவே "ஸ்கிரிப்ட் தேவை, ஸ்கிரிப்ட் தேவை" என்று சொல்லிக் காட்டினார்கள். நானும் சிரித்தேன். ஆனால் சேலம் வந்து சேரும்வரை பஸ்ஸில் எனக்குப் பொருமிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன். கேட்கிறவர்களே வேண்டாம் என்கிறார்கள், அப்புறம் என்ன?

அதே வாரம் இன்னொரு முடிவும் எடுத்தேன். நிறையப் பக்கங்களில் மெனு, விளக்கம் எல்லாம் மறைந்திருக்கும், அழுத்தினால்தான் விரியும். விரிக்கிறது ஸ்கிரிப்டின் வேலை. எங்களிடம் அது இல்லை. அப்படியானால் மறைந்திருப்பதைப் படிக்காமல் விடுவதா, படிப்பதா? எல்லாவற்றையும் படி என்றேன். கண் தெரியாதவரிடம் ஒளித்து வைப்பதாவது என்று வசனம் வேறு பேசினேன். கைதட்டாத குறைதான், ஒருத்தரைத் தவிர.

அவர் திருச்செங்கோட்டுக்காரர். எனக்கு ஒரு வயது இளையவர், வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எல்லோரும் கலைந்த பிறகு என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க மேடம், மறைச்சு வச்சதப் படிக்கறது சரிங்க. ஆனா அது மறைச்சு வச்சதுன்னு சொல்லிப்போட்டுப் படிக்கோணுமுங்க. அந்தப் பக்கத்த எழுதுனவன் அத இன்னும் சொல்லவே இல்லீங்களே. அவனுக்கு முந்தி நாம சொல்லிப்போடறோம்."

"சார், ஒரு மெனுவுல அம்பது வரி இருக்கும். அம்பது தடவ 'மறைந்தது, மறைந்தது'ன்னு படிச்சா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆத்தூர் போறது?"

"மொத்தத்துக்கும் ஒருக்கா சொன்னாப் போதுமுங்க."

"வியாழக்கிழம முடியட்டும் சார். அப்புறம் பாத்துக்கலாம்."

வியாழக்கிழமை எங்களுக்குப் பண உதவி செய்கிறவர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. வந்தார்கள், பார்த்தார்கள், தடங்கல் இல்லாமல் பக்கம் பக்கமாகப் படிக்கிறதே என்று மெச்சினார்கள். ஒப்பாரி இல்லை, அதனால் பளிச்சென்று இருந்தது. அந்த மெப்பில் நான் அவர் சொன்னதை மறந்தேன். அவர் இன்னொரு தடவை ஞாபகப்படுத்தினார், நான் எரிந்து விழுந்தேன். என் வாயைப் பற்றி அந்த மாடியில் இன்னும் பேசிக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை.

இனி பூங்கொடி. நாமகிரிப்பேட்டைப் பக்கம். பிறவியிலேயே பார்வை கிடையாது. பட்டம் வாங்கியவள். அப்பா இல்லை, அம்மா ஜவ்வரிசி மில்லில் கிழங்குத் தோல் உரிக்கப் போகிறவர், அண்ணன் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே எங்கேயாவது இருப்பார். பூங்கொடி அரசு வேலைக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை மயிரிழையில் தவறியது. இன்னொரு தடவை பிரவுசிங் சென்டர்க்காரர் அவள் விண்ணப்பத்தில் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுவிட்டார், தள்ளுபடியாகிவிட்டது. சரிபார்க்க வீட்டில் கண் தெரிந்து படிக்கத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அதிலிருந்து, இனிமேல் என் விண்ணப்பத்தை நானே போடுவேன் என்று வைராக்கியமாக இருந்தாள். எங்கள் பிரவுசரை அவ்வளவு வேகமாகப் பழகியவர்கள் வேறு யாருமில்லை.

அந்த வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் பணிக்கு அறிவிப்பு வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். இது எனக்குத் தெரியும். அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

கடைசித் தேதிக்கு ஆறு நாள் முன்னால், மத்தியான நேரத்தில் போன் செய்தாள்.

"மேடம், போட்டுட்டேனுங்க! யாரையும் கேக்குலீங்க, நானே போட்டுட்டேனுங்க!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "எங்க, இன்னொருக்கா சொல்லு சாமி."

"'உங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகப் பெறப்பட்டது'ன்னு அதுவே சொல்லுச்சுங்க மேடம். 'விண்ணப்ப எண்'ணுன்னும் சொல்லுச்சு. ஆனா எண்ணு மட்டும் சொல்லலீங்க."

திருச்செங்கோட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். நான் அவரைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அது மெசேஜ்ல வரும் சாமி. நீ போய் அம்மாகிட்டச் சொல்லு."

போனை வைத்ததும் அவர் கேட்டார். "அந்த எண்ணு ஏனுங்க வரல?"

"நல்ல சேதி சொல்ற நேரத்துல எதுக்குச் சார் நொட்டை சொல்றீங்க?"

அவர் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

ஆறு நாள் இருந்தது. நீங்கள் இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஆறு நாள் இருந்தது. அவளைத் திரும்ப அழைத்து, அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை திறந்து படிக்கச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். என் காதில் பாராட்டு மட்டும்தான் விழுந்தது. எண் வரவில்லை என்பதும் அதே காதில்தான் விழுந்தது, நான் அதைத் தள்ளிவிட்டேன்.

தேர்வு நெருங்கியபோது ஹால் டிக்கெட் வந்துவிட்டதாக வாழப்பாடியிலிருந்து அவள் தோழி கூப்பிட்டு, உனக்கு எந்த சென்டர் என்று கேட்டிருக்கிறாள். பூங்கொடி தேடிப் பார்த்திருக்கிறாள். அவள் பெயரில் பதிவே இல்லை. எனக்குப் போன் செய்தபோது குரல் அமைதியாகத்தான் இருந்தது. "ஏதாச்சும் கோளாறா இருக்குமுங்க மேடம். நீங்க பாத்தாச் சரியாயிரும்." என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்கே பஸ் ஏறினேன். எங்கள் பிரவுசர் திறந்த பக்கங்களை, வந்தபடியே, நாம் எதையும் நிரப்புவதற்கு முன்பே, ஒரு நகல் சேமித்து வைக்கும். அதனால் அவள் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் இருந்தது. அவள் நாற்காலியில், நான் பக்கத்தில் ஸ்டூலில். அவள் அம்மா மில்லிலிருந்து அரைநாள் சொல்லிவிட்டு வந்து, கழுவாத கையோடு வாசல் நிலையில் நின்றிருந்தார். பூங்கொடி பக்கத்தைத் திறந்தாள். குரல் படிக்க ஆரம்பித்தது. பெயர், காலி. பிறந்த தேதி, காலி. முகவரி, காலி. கல்வித் தகுதி, காலி. சமர்ப்பி, பட்டன். அடுத்த வரி: "உங்கள் விண்ணப்பம் வெற்றிகரமாகப் பெறப்பட்டது. விண்ணப்ப எண்." அவ்வளவுதான், பக்கம் முடிந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் அவளே சொன்னாள்.

"மேடம், கட்டமெல்லாம் காலியாக் கெடக்குதுங்களே. நான் ஒரு எழுத்துகூட எழுதுலீங்க. அதுக்கு முந்தியே பெறப்பட்டதுன்னு சொல்லுதுங்களே."

அதுதான். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் காட்டுவதற்காக அந்த வரியைப் பக்கத்திலேயே எழுதி மறைத்து வைத்திருந்தார்கள். நேரம் வரும்போது எண்ணைச் சேர்த்து வெளியே காட்டுவது ஸ்கிரிப்டின் வேலை. விண்ணப்பத்தை அனுப்புவதும் ஸ்கிரிப்டின் வேலை. அது இல்லாவிட்டால் சமர்ப்பி என்கிற பட்டன் வெறும் சொல். பூங்கொடி மணிக்கணக்காக உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, இரண்டு தடவை சரிபார்த்து, பட்டனை அழுத்தியிருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. பிரவுசர் அடுத்த வரிக்குப் போய், மறைத்து வைத்திருந்ததை என் உத்தரவுப்படி கணீரென்று படித்திருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு பக்கங்கள் ஸ்கிரிப்ட் இல்லாமலே ஒழுங்காக வேலை செய்ததால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மாற்றுத்திறனாளி என்பதால் கட்டணமும் இல்லை. கட்டணம் இருந்திருந்தால், பணம் கட்டும் பக்கம் வராததை வைத்தாவது கண்டுபிடித்திருப்பாள்.

"என்ன சாமி சொல்றாங்க?" என்று அம்மா கேட்டார்.

"போகவே இல்லயாமா அம்மா."

"அதா அன்னைக்கே போயிருச்சுன்னு சொன்னியே? மில்லுல எல்லாருகிட்டயும் சொன்னனே."

நான் சொன்னேன். தப்பு எங்களுடையது, என்னுடையது, அது பொய் சொல்லிவிட்டது, நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு நான் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதிக்கே அவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் காபி போடட்டுமா என்று பூங்கொடி கேட்டாள். அந்த நேரத்தில் அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் மென்பொருளில்தான் தவறு என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுதி எடுத்துப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷி. எங்களை உட்காரவைத்து, கடிதத்தை முழுக்கப் படித்தார். "நீங்க சொல்றத நான் நம்பறேம்மா. ஆனா என்கிட்ட இவங்க விண்ணப்பம்னு ஒண்ணு இல்ல. தப்பா வந்திருந்தா திருத்தலாம். தாமதமா வந்திருந்தாக்கூட மேல கேட்டுப் பாக்கலாம். வராத ஒண்ணுக்கு நான் என்ன செய்ய?" நான் சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். சண்டை போட அங்கே யாருமில்லை. வெளியே வரும்போது பூங்கொடி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படி இருக்கிறதா என்று கேட்டாள். மூன்று படி என்றேன். நான்கு இருந்தது. அவள் தடுமாறினாள். அன்றைக்கு அதுகூட எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

அந்தப் பக்கத்தை எழுதியவன் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. தன் பக்கத்தை ஸ்கிரிப்ட் இல்லாமல் ஒருத்தி கேட்பாள் என்று அவன் கனவிலும் நினைத்திருக்கமாட்டான். எனக்குத்தான் அது தெரியும். அதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் என் உத்தியோகமே.

திருச்செங்கோட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். நான் அப்பவே சொன்னனுங்களே என்று அவர் சொல்லவில்லை. "போச்சாதுங்க மேடம்" என்று தேற்றவும் இல்லை. நேராகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார். மறைந்திருக்கிற பகுதி வந்தால், மொத்தத்துக்கும் ஒரே தடவை, "இது பக்கத்தில் மறைந்துள்ளது, இன்னும் சொல்லப்படவில்லை" என்று சொல்லும். ஸ்கிரிப்ட் இல்லாமல் இயங்காத பட்டனை அழுத்தினால், "இந்தப் பட்டன் இங்கே வேலை செய்யாது. எதுவும் அனுப்பப்படவில்லை" என்று சொல்லும். இரண்டே நாள் வேலை. அந்த இரண்டு நாளைத் தராமல்தான் வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இப்போது பராமரிக்கிற நிரலில் அந்த இரண்டு வாக்கியமும் இருக்கும். அவற்றை எடுக்கச் சொல்லி உங்களுக்கு நெருக்கடி வரும். கேட்கிறவர்கள் கேலி செய்வார்கள், உதவி செய்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், உங்களுக்கே அலுத்துப்போகும். எடுக்காதீர்கள். ஒரு பக்கம் தன்னால் முடியாததை முடிந்ததாகச் சொல்ல நீங்கள் உங்கள் குரலை இரவல் கொடுக்காதீர்கள். நமக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லவேண்டும், உரக்க, அந்த இடத்திலேயே. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இத்தோடு முடித்தால் ஏதோ பாடம் கற்றுத் தேறிவிட்டேன் என்று நினைப்பீர்கள். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

புதிய பதிப்பு தயாரானதும் நானே போய்ப் பூங்கொடியின் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அவளுக்கு இனி அந்த வேலை கிடையாது, வயது தாண்டிவிட்டது. பக்கத்து ஊரில் ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். இருந்தாலும் போட்டுக் கொடுத்தேன், என் மனசுக்காக. ஒரு மாதம் கழித்து நானே போன் செய்தேன்.

"கேட்டுப் பாத்தியா சாமி?"

"கேட்டேனுங்க மேடம். நல்லாத்தானுங்க இருக்குது. இப்பப் பொய் சொல்றதில்லீங்க."

"அப்பறம்?"

"அதுங்க மேடம்..." என்று இழுத்தாள். கோபமெல்லாம் இல்லை, எனக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்தாள் போல.

"கரண்ட் பில்லுப் பக்கம் தொறந்தேனுங்க, முடியாதுன்னுச்சு. பஸ்ஸு டிக்கெட்டு, முடியாதுன்னுச்சு. ஆஸ்பத்திரி டோக்கனு, அதும் முடியாதுன்னுச்சு. எல்லாம் நெசந்தானுங்க மேடம். ஆனா முடியாதுன்னு சொல்றதுக்கு எனக்கு எதுக்குங்க ஒரு கம்ப்யூட்டரு? அதச் சொல்றதுக்குத்தான் ஊரே இருக்குதுங்களே."

நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, வைக்கட்டுங்களா மேடம் என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.